ஒன்பது காலிக் கட்டில்கள்

ஒரே ஒரு நாள் பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நல்ல காரியத்துக்காகத்தானே?

இலங்கை மலையகத்தில், புசல்லாவைப் பக்கம் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. அதன் நலன்புரிச் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினன். போன மாதம் கண்டியிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். படுத்திருந்தவர்களோ மூன்றே பேர். இப்படியே போனால் வார்டை மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

மூடினால்? மூச்சு முட்டுகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவுகளையும் கடந்து கண்டிக்கு ஓட வேண்டும்.

வார்டுக்குப் பொறுப்பான தாதி செல்வராணி மிஸியிடம் மெதுவாகச் சொன்னேன். "தேயிலைத் தோட்டத்துல அஞ்சாறு பேர வரச் சொல்றேன். ஒரு நாளைக்குப் படுத்துக்கட்டும்."

மிஸிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கிறவங்கள நோயாளினு எழுதச் சொல்றீங்களா அண்ணே? என் கையால எழுத மாட்டேன்."

அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். படிவத்தைப் புரட்டியபடியே கேட்டார். "போன வருஷம் கட்டில் எல்லாம் நிரம்பியிருக்கு. இப்ப ஏன் இப்பிடிக் குறைஞ்சது? சனத்துக்கு உங்களில நம்பிக்கை இல்லையோ?"

மிஸிக்குக் கண் கலங்கிவிட்டது. "பின்னேரம் என்கூட ஒரு இடத்துக்கு வாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

நானும் சேர்ந்துகொள்ள, மூவரும் மலை ஏறினோம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கொழுந்தை நிறுத்து முடித்தவர்கள் நேராக மிஸியிடம் வந்து கையை நீட்டினார்கள். மிஸி பிரஷர் பார்த்தார். மாத்திரை குடித்தார்களா என்று விசாரித்தார். குடிக்காதவர்களுக்கு நல்ல ஏச்சு! எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள், டியூட்டி முடிந்த பிறகு, யாரும் சொல்லாமலே செய்கிற வேலை... எனக்கே அன்றுதான் தெரியும்.

முத்தம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் அதிகாரியிடம் நேரே கேட்டுவிட்டார். "போன வருஷம் நாலு தடவ வார்டுல கெடந்தேன் சார். மிஸி இங்க வர ஆரம்பிச்சப்புறம் ஒரு தடவகூடப் போகல. படுக்காதது தப்பா சார்?"

அதிகாரி படிவத்தை மறுபடி புரட்டினார். படுத்தவர்களை எண்ணப் படிவத்தில் கட்டம் உண்டு. படுக்காமல் தப்பியவர்களை எண்ண இல்லை. எண்ணுவதற்குச் சுலபமானதை எண்ணிவிட்டு, அதுதான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுகிறோம் – நானும் அப்படித்தானே ஆள் பிடிக்கக் கிளம்பினேன்?

"கட்டம் இல்லாட்டி என்ன, தனித்தாளில எழுதுறன்" என்றார் அதிகாரி. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, மிஸியின் கொப்பியைப் பார்த்து இருட்டும்வரை எழுதினார்.

போன வாரம் கடிதம் வந்தது. நாலு கட்டில்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. வார்டு இருக்கும். மிஸியும் இருப்பார். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, மிஸி மலைக்குப் புறப்பட்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று மடுவத்தில் கடைசியாகக் கையை நீட்டியவர் அதிகாரி – எல்லாரையும் விட அவருக்குத்தான் பிரஷர் அதிகம்!