பாலில் காரம்

ஊர்த் துணியெல்லாம் பொறுமையாகத் தைத்துக் கொடுக்கும் தையற்காரிக்கு, மகளைச் சாப்பிட வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். நான்கு வயதுச் சிட்டு, பாலை வாயில் வைத்ததுமே "காரம்" என்று துப்புவாள். போகப் போக, தட்டைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள்.

"பால்ல ஏதுடி காரம்? வாயைத் திறந்தா பொய்!" என்று தையற்காரி கத்துவாள்.

"எல்லாம் நீ குடுக்கற செல்லம்" என்பார் மாமியார்.

"பட்டினி போடு, தானா வழிக்கு வருவா" என்பான் கணவன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஒருநாள் தையற்காரி பொறுமையிழந்து, மகளின் மூக்கைப் பிடித்துப் பாலைப் புகட்டிவிட்டாள். சிட்டுவின் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பால் அலர்ஜிம்மா. குடிச்சா வாயெல்லாம் அரிக்கும், எரியும். அதைச் சொல்லக் குழந்தைக்கு வேற என்ன வார்த்தை தெரியும்?" என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய மறுநாளே மாமியார் பாலை ஆற்றிக்கொண்டு வந்தார். "ஒரே ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது."

தையற்காரி டம்ளரைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள்.

"எத்தனை தடவை சொல்லுவா அவ? காரம்னா காரம்தான், அத்தை!"