மெழுகுதிரி வெளிச்சத்துக்கு நான் போட்ட ஒன்று

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் பெற்றோர்கள் நாங்கள் கன்ரீனில் உட்கார்ந்து வம்பளப்போம். ஒரு தம்பி அங்கேதான் பழக்கமானார். மதுரைப் பக்கத்துக்காரர், அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. எங்கள் பங்குக் கோயில் பூசையை இணையத்தில் ஒளிபரப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் அவருக்கு வேலை.

இணையம் மெதுவாக ஓடும் இடங்களுக்கு வீடியோவை அளவு குறைத்து நசுக்கித்தான் அனுப்புவார்களாம். நசுக்கியதைப் பார்க்கிறவர் நன்று என்பாரா, மோசம் என்பாரா என்று ஆளைக் கேட்காமலே சொல்லிவிட ஒரு சூத்திரம் செய்துகொண்டிருந்தார். அது சரியா என்று பார்க்க மனிதர்கள் வேண்டும். "உங்க கண்ணு வேணும்கா" என்றார். நானும் பெரிய மனுசியாகப் போனேன்.

மங்கலான அறை, ஒரு டிவி, ஆளுக்கொரு தாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி. பூங்கா, பந்தாட்டம், பஸ் எல்லாவற்றுக்கும் தாராளமாகவே போட்டேன். கடைசியில் எங்கள் கோயில் வந்தது; மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகளின் பாட்டுக்குழு. பின்னால் வெள்ளைச் சுவர் பளிச்சென்று இருந்தது. எங்கள் பிள்ளைகளின் கறுத்த முகங்கள் மட்டும் சேறு அப்பினாற்போல் கிடந்தன. ஒன்று போட்டேன். பக்கத்தில் அந்தத் தம்பியும் புள்ளி போடும் தாளோடு இருந்தார்.

"தம்பி, முகமே தெரியேல்லை. மன்னாரிலை என்ர அக்கா படுக்கையிலை கிடந்து இதைத்தான் பார்க்கிறவ. நத்தாருக்கு என்ர மகள் தனியப் பாடப் போறாள்."

"ஆமாக்கா, எனக்கும் தெரியல. நான் பார்த்துக்கறேன்."

அந்தச் சொல்லை நம்பி, இந்த முறை வடிவாகத் தெரியும் என்று அக்காவிடம் பெருமையடித்தேன். ஊர்க் கோயிலில் முப்பது வருசம் பாடியவள் அவள். என் மகளைப் போட்டோவில் ஆயிரம் முறை பார்த்தாயிற்று. பாடும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசை.

கிறிஸ்மஸ் இரவு, நத்தார் பூசை முடிந்ததும் அக்கா போன் எடுத்தாள். "குரல் நல்லாக் கேட்டதடி. முகம் ஒண்டும் தெரியேல்லை." தவக்காலம் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்போதும் நான் அந்தத் தம்பியைச் சந்தேகப்படவில்லை. சூத்திரம் பிழைத்திருக்கும், அவர் என்ன செய்வார் என்றுதான் நினைத்தேன். அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை கன்ரீனில் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, லாப்டொப்பை என் பக்கம் திருப்பினார். பாட்டுக்குழுத் துண்டுக்கு நேரே நான் போட்ட ஒன்று கோடு போட்டு நீக்கப்பட்டிருந்தது.

"எல்லாரையும் விட்டு ரொம்ப விலகியிருந்தா எடுத்துடறதுதான்கா வழக்கம்."

அதற்குக் கீழே அவருடைய பெயர். புள்ளி நாலு.

"உமக்கும் தெரியேல்லை எண்டுதானே சொன்னனீர்?"

"தெரியலதான்கா. ஆனா ஃபார்முலா நாலுன்னு சொல்லும்னு எனக்கு முன்னாடியே தெரியுமே. ஒத்துப்போனாத்தான் ஆபீஸ்ல ஏத்துக்குவாங்க."

அவருக்குப் பார்வை மங்கல் என்றிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன். நான் பார்த்ததைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, என் அக்கா கடைசியாகக் காண ஆசைப்பட்ட முகத்தை அந்தச் சேற்றோடு அப்படியே அனுப்பலாம் என்று தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.