கடைமடை வரை ஒரு நீலக் கோடு

போன வாரம் தஞ்சாவூரில் மகளுக்கு ஒரு மேக் லேப்டாப் வாங்கினோம். அதில் எந்த ஆபீஸ் மென்பொருளைப் போடலாம் என்று பேச்சுவாக்கில் என்னிடம் கேட்டாள். "தண்ணி கடைமடைக்குப் போவுதான்னு பாத்துட்டுப் போடு" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை, கதை அவருக்குத் தெரியாது.

இருபது வருடத்துக்கு முன்னால் திருவாரூரில், உரக்கடை மாடியில், குத்தகை விவசாயிகள் சங்கத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. கீழேயிருந்து ஏறிவரும் யூரியா வாடைதான் எனக்கு ஆபீஸ் வாடை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் எங்கள் மனு ஒன்றுதான். 'மாண்புமிகு'வுக்குப் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றுவேன். அதில் எனக்கு நல்ல வேகம்.

மடத்து நிலத்தில் எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு குடும்பம் சாகுபடி செய்துவந்தார்கள். குத்தகைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது. அது பாசனமே இல்லாத தரிசு, அங்கே யாரும் உழவில்லை என்று மடத்து ஏஜெண்டு எழுதிக்கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. தோற்றால் நிலம் போய்விடும்.

எங்கள் கையில் இருந்தது நான் கணினியில் போட்ட வரைபடம் ஒன்றுதான். வரைபடம் போடும் மென்பொருள் எனக்குத் தெரியாது. கணக்குப் போடும் மென்பொருளின் கட்டம்போட்ட தாளிலேயே இரண்டு மூன்று கட்டங்களைச் சேர்த்து ஒரு வயலாக்கி, உள்ளே பெயர் எழுதி, வாய்க்காலுக்கு நீலம் அடித்திருந்தேன். வரைபடத்தில் வடக்குதான் மேலே வரவேண்டுமாம். எங்கள் ஊரில் யார் வடக்கைப் பார்த்தார்கள்? தண்ணீர் புறப்படும் தலைமடை மேலே, போய்ச்சேரும் கடைமடை கீழே. கடைசிக் கட்டம் சங்கச் செயலாளர் தனக்கொடி அக்காவுடையது.

வியாழக்கிழமை ஆபீஸ் கணினியின் ஒயரை எலி கடித்துவிட்டது. நெல்லைத் தின்றது போதாதென்று இதுவும். பெட்டி புகைந்து அடங்கியது. மிஞ்சியது வரைபடத்தை நகலெடுத்து வைத்திருந்த ஒரு சிடி.

ஊரில் வேறு கணினி என்றால் ஜபருல்லா பாயின் அச்சுக் கடையில்தான். துபாயில் அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடும்போது கொடுத்த மேக் அது. மவுஸில் ஒரே ஒரு பொத்தான். இன்னொன்று உடைந்து விழுந்துவிட்டதோ என்று மேஜைக்கடியில் தேடினேன். வெள்ளிக்கிழமை காலையில் சிடியைப் போட்டு, தமிழ் எழுத்தை ஏற்றி, அந்த இயந்திரத்தோடு வந்த மென்பொருளில் கோப்பைத் திறந்தேன். அழகென்றால் அழகு. இருபத்திரண்டு பெயரும் பளிச்சென்று வந்தன. "பிரிண்ட் போடுங்க பாய்" என்றேன்.

"இரு புள்ள" என்றாள் கூட வந்திருந்த தனக்கொடி அக்கா. அஞ்சாம் கிளாஸ் படிப்பு. திரையில் தலைமடையில் விரலை வைத்து, நீலக் கோட்டோடு மெதுவாக இறங்கினாள். கடைசியில் விரல் நின்றது. "எங்க வயலுக்குத் தண்ணியே வரலையே!"

சேர்த்து வைத்த கட்டங்களை அந்த மென்பொருள் மறுபடி பிரித்துப்போட்டதில், வயல்களெல்லாம் ஒரு வரிசை நகர்ந்து வாய்க்காலை விட்டு விலகி நின்றன. ஏஜெண்டு சொன்ன தரிசை நானே அச்சடித்துக் கொடுக்க இருந்தேன். பெயரைச் சரிபார்த்தேனே தவிர வாய்க்காலைப் பார்க்கவில்லை. பெரிய டைப்பிஸ்ட்!

பாயிடம் இருந்த இன்னொரு மென்பொருள் காசு கட்டினால்தான் திறப்பேன் என்றது. மூன்றாவது ஒன்று இலவசம், ஆனால் இன்டர்நெட்டில் இறக்க வேண்டும். டெலிபோன் லைனில் அது நாள் முழுக்க ஆகும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகல் முழுக்க கரண்ட் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் ஒரு போன் வந்தாலும் அறுந்துபோகும். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா முடிந்த கையோடு துபாயிலிருந்து பாயின் மகன் பேசுவான்.

பாய் சட்டையை மாட்டிக்கொண்டு, மகனிடம் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்வந்தார். "இந்த வாரம் பேச வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க இறக்குங்க தங்கச்சி."

"புள்ள குரலக் கேக்க ஒரு வாரமாக் காத்திருப்பீங்களே பாய்" என்றாள் அக்கா.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வரும்லங்க. திங்கக்கிழம ஒண்ணுதான்."

சாயங்காலம் அது வந்து சேர்ந்தது. பார்க்க லட்சணமில்லை, திறக்கவும் ஒரு யுகம். அக்கா மறுபடி விரலை வைத்தாள். ஒவ்வொரு மடையிலும் நின்று, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இறங்கினாள். கடைசிக் கட்டத்தைத் தொட்டதும், "பாஞ்சிடுச்சு. இதையே வச்சுக்க" என்றாள். மென்பொருள் தேர்வு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நீலக் கோடு என்ன?"

"தண்ணிங்க" என்றாள் அக்கா. "நேர்ல வந்து பாருங்க, காலு நனையும்."

வந்தார், நனைந்தது. இருபத்திரண்டு பெயரும் பதிவேட்டில் ஏறின. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் திமிர் வரும்.

பல வருடம் கழித்து நாலுவழிச் சாலைக்கு அதே நிலத்தை எடுத்தார்கள். "நோட்டீஸாவது எம் பேருக்கு வந்துச்சு புள்ள" என்றாள் அக்கா. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

பாய் கடையும் இல்லை, எஸ்.டி.டி. பூத்தும் இல்லை. நேற்று மகள் அந்தப் பழைய சிடியை எங்கேயோ கொடுத்து நகலெடுத்து வந்து, புது லேப்டாப்பில் திறந்து காட்டினாள். ஒரு கட்டம்கூட நகரவில்லை. தலைமடையில் விரலை வைத்து மெதுவாக இறங்கினேன். தண்ணீர் தனக்கொடி அக்கா வயல்வரை போயிற்று. அந்த இடத்தில் இப்போது சுங்கச்சாவடி இருக்கிறது.