குளிரறை காட்டிய பூச்சியம்

இன்று காலை தொண்டைமானாற்றில் ஒரு மீன் குளிரறைக்குப் போனேன். அங்கே வெப்பநிலை காட்டுவது எங்கள் நிறுவனம் செய்த கருவி.

திரையில் பூச்சியம் பாகை. மீனுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. உள்ளே மீன் நாறிக் கிடந்தது. எலி வயர்களைக் கடித்ததில் குளிரூட்டியும் நின்று, சென்சரும் செத்திருந்தது.

மீனுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கேட்டார்: “பிள்ளை, மெசினுக்குத் தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லலாந்தானே. ஏன் பொய் சொல்லுது?”

அலுவலகம் வந்து சென்சரை வாசிக்கும் டிரைவர் நிரலைத் திறந்தேன். சென்சர் பதில் தராவிட்டால் வெப்பநிலைக்கு மதிப்பே இராது என்று நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் முன்பே எச்சரித்திருக்கிறது. எங்கள் சீனியர் தொடக்க மதிப்பாகப் பூச்சியத்தைப் போட்டுக் கம்பைலரின் வாயை அடைத்திருக்கிறார்.

“ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?”

“இப்ப வோர்னிங் வருதோ? இல்லைத்தானே. பிறகென்ன கதைக்கிறீர்?”

பதில் வராவிட்டால் ‘பிழை’ என்று காட்டும்படி மாற்றி எழுதினேன். பிறகு, குளிரறையிலிருந்து கொண்டுவந்திருந்த நாறல் மீன் பையை அவருடைய மேசைக்குக் கீழே வைத்தேன்.

“என்ன நாத்தம் இது?”

“வோர்னிங் அண்ணை.”

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பெயர் வேண்டாம், எத்தனையாவது மேசை என்று மட்டும் சொல்லுங்கள். மீன் மிச்சமிருக்கிறது.