யாரும் சொல்லாத மூன்று வாக்கியங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ரன்காரர். ஆங்கிலம் - தமிழ் அகராதி தயாரிக்கிற இடம் அது. இரண்டாம் மாடி, எட்டு மேசை, சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஆளுக்கு இத்தனை எழுத்து என்று வேலையைப் பிரித்தபோது 'ரன்' என்கிற ஒற்றைச் சொல் மட்டும் தனியாக இவர் தலையில் விழுந்தது. சின்னச் சொல்தானே, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார் மனுஷர். நாலு வருஷம் ஆகிவிட்டது. காலையில் அவர் உள்ளே நுழைந்ததுமே, "சார், ஸ்கோர் என்ன?" என்று கம்ப்யூட்டர்காரர் குரல் கொடுப்பார். "அறுபத்தொண்ணு, நாட் அவுட்" என்று இவரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிவிட்டு உட்காருவார். அதுவரை எழுதி முடித்த அர்த்தங்களின் எண்ணிக்கை அது.

அந்தச் சொல் அப்படி. மனுஷன் ஓடினாலும் ரன், மெஷின் ஓடினாலும் ரன். கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது, துணி சாயம் போவது, படம் நூறு நாள் ஓடுவது எல்லாம் அதே ரன்தான். தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் தனி வினை. அதற்குள்ளும் பங்காளிச் சண்டை. ஒழுகுவதா, வழிவதா, வடிவதா, கசிவதா? "மூக்கு வழியுமாம்மா, ஒழுகுமா?" என்று ஒருநாள் பூராவும் என் உயிரை எடுத்தார்.

"உங்களுக்கு எது வருதோ அதைத் துடைச்சுட்டு வேலையப் பாருங்க சார்" என்று எரிந்து விழுந்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சரிபார்ப்பவள். என் வேலை அப்படி. எங்கள் இடத்தில் ஒரு கறாரான விதி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை, அதில் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும், அதை எழுதுகிறவர் தன் காதால் கேட்டிருக்க வேண்டும். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று அட்டையின் அடியில் குறிக்க வேண்டும். சொந்தக் கற்பனை என்று தெரிந்தால் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மற்றவர்களுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது, சண்டை இருக்கிறது, வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை. இவர் ஒண்டிக்கட்டை. மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வரும். திங்கட்கிழமை என் மேசைக்கு அட்டை வரும். 'சொன்னவர்: மகள். இடம்: தொலைபேசி.' இதுதான் அவர் வாரம்.

பாவி மனுஷர் அந்தப் போனை வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மகளிடம் அவருக்குப் பேசத் தெரியாது. வாக்கியம் தேடிப்போனால் மட்டும் பேச்சு வரும். "உங்க தெருவுல பஸ் ஒழுங்கா ஓடுதாம்மா?", "வாஷிங் மெஷின் எப்படி ஓடுது?" என்று அவர் தூண்டில் போடுவார், அப்பா அக்கறையாக விசாரிக்கிறார் என்று அவள் வாய் நிறையப் பதில் சொல்வாள்.

மூன்று மாதம் முன்பு மகள் அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா குளிக்கப் போன நேரத்தில் கத்தரிக்கோல் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தவள், அதற்குள் அவர் சேர்த்து வைத்திருந்த பிரதி அட்டைகளைப் பார்த்துவிட்டாள். ஒன்றில் அவருடைய மணிமணியான கையெழுத்தில் இருந்தது: 'வீட்டை நான் ஒருத்தியே எத்தனை நாளைக்குப்பா நடத்துறது? பொருள் 31: நடத்து, நிர்வகி.' புருஷனோடு மனஸ்தாபம் முற்றிய நாளில் அவள் அழுதுகொண்டே சொன்னது அது.

"அன்னிக்கு 'திரும்பச் சொல்லும்மா'ன்னு கேட்டீங்களே" என்றாளாம். "என் அழுகைய உங்க மனசு தாங்கலைன்னு நினைச்சேன்ப்பா. எழுதிக்கத்தானா?"

சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் போன் இல்லை. இதையெல்லாம் அவர்தான் என்னிடம் சொன்னார், அட்டை ஏன் வரவில்லை என்று நான் குடைந்ததால். நீங்களாவது போன் பண்ணக் கூடாதா என்றேன். "என்னன்னு ஆரம்பிக்கிறது?" என்றார்.

போன வாரம் தலைமைப் பதிப்பாசிரியர் கெடு வைத்தார்: வெள்ளிக்குள் ரன் அச்சுக்குப் போயாக வேண்டும். மூன்று பொருளுக்கு வாக்கியம் பாக்கி. வியாழக்கிழமை மூன்று அட்டைகளும் என் மேசையில் இருந்தன.

'உங்களுக்கு மூக்கு ஒழுகுது, டாக்டரைப் பாருங்கப்பா.'

'புதுச் சட்டையைத் தனியா துவைங்க, சாயம் போயிடும்.'

'மணி பத்தாச்சே, இன்னும் ஃபேன் ஓடுது, தூங்கலையா?'

மூன்றுக்கும் சொன்னவர் மகள், தேதி போன ஞாயிறு. சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன். அட்டைகளோடு அவர் மேசைக்குப் போனேன்.

"இது யார் சார் சொன்னது?"

"பொண்ணு."

"அவதான் போனே பண்றதில்லையே!"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பண்ணியிருந்தா இப்படித்தாம்மா சொல்லியிருப்பா" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "இப்பவே போன் பண்ணுங்க, என் கண் முன்னாடி" என்று கத்தினேன். எட்டு மேசையும் திரும்பிப் பார்த்தது. அவர் எண்ணை அழுத்தினார். அவருக்குக் காது மந்தம், ஒலி கூடுதலாக வைத்திருப்பார். அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"சொல்லுங்கப்பா" என்றாள் ஒட்டாத குரலில். "எந்த அர்த்தம் பாக்கி? சொல்லிடுறேன், எழுதிக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். மூன்று பாக்கி இருந்தது, மறுநாள் கெடு.

"ஒண்ணும் பாக்கி இல்லம்மா. சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சரிப்பா, அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள். அவர் அந்த மூன்று அட்டைகளையும் வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மூன்று பொருளும் வாக்கியமில்லாமலே அச்சுக்குப் போயின. தலைமைப் பதிப்பாசிரியர் குதித்தபோது, அட்டைகளைத் தொலைத்தது நான்தான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர் தாமதமாக வந்தார். நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"நேத்து பொண்ணு போன் பண்ணாம்மா. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது."

"என்ன சொன்னா?"

வாயைத் திறந்தார். யோசித்தார். நாலு வருஷத்து வாக்கியங்களைத் தேதியோடு ஒப்பிப்பவர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"தெரியலையேம்மா" என்றார். "அவ பேசினா, நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."