இரண்டாவது போஸ்டர்

அருள்நாதன் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுபவன். லீவு கிடைத்தால் படம் எடுப்பான். ராயபுரத்தில் யாருக்குத்தான் சினிமாப் பைத்தியம் இல்லை? ஆனால் இவன் நிஜமாகவே கதை எழுதி, கேமராவை வாடகைக்குப் பிடித்துவிட்டான். சிரிப்புத் துப்பறியும் படம். துப்பறிகிற இரண்டு பேருமே உருப்படாதவர்கள். ஒருவனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். இன்னொருவன் சாட்சியை விசாரிக்கும்போதே தூங்கிவிடுவான். அந்தத் தூங்குமூஞ்சி வேடம் பிராங்கிளினுக்கு. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைப்பவன், சின்ன வயதிலிருந்தே தோஸ்து.

திருடனைப் பிடிக்க, தூங்குமூஞ்சி செத்ததுபோல நடிக்க வேண்டும். அதற்காக பிராங்கிளின் போட்டோ போட்டு 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் அடித்துத் தெருவெல்லாம் ஒட்டினான் அருள்நாதன். அட முட்டாளே, ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? மாலையும் கையுமாகப் பாதி ராயபுரம் வந்துவிட்டது. மீன் விற்கிற சிலுவையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கேமரா முன்னால் சவப்பெட்டிக்குள் கிடந்த பிராங்கிளின் இமைகூட அசைக்கவில்லை. அருள்நாதன் "கட்" என்ற பிறகுதான் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ கட் சொல்ற வரிக்கும் நான் பொணம் மாமு!"

சிலுவையம்மாள் இருவரையும் துடைப்பத்தால் விரட்டினாள். மாதா கோயில் சாமியார் மட்டும் அன்றைக்குச் சாவு மணி அடிக்கச் சம்மதிக்கவில்லை; அது விளையாட்டுக்கு இல்லை என்றுவிட்டார்.

படம் எடிட்டிங்கில் இருந்தபோது, ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பிராங்கிளின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அருள்நாதனுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. போஸ்டர் ஒட்டினான், அதே போட்டோதான், வேறு கிடைக்கவில்லை. ஜனம் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. புலி வருது கதைதான். பெட்டியருகே பிராங்கிளின் மனைவி ரூத்தும் நாலு சொந்தக்காரர்களும்தான் இருந்தார்கள். பொய்ச் சாவுக்கு அத்தனை பேரை வரவைத்தவனை அநாதையாக அனுப்புவதா? வீடு வீடாகப் போனான்.

"மெய்யாலுமே செத்துட்டான்க்கா."

"போடா டேய்! ஒரு தபா அய்தது பத்தாதா? இன்னா, படம் ரிலீசா?" சிலுவையம்மாள் தலை நிமிராமல் மீன் அரிந்தாள்.

அவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. யார்தான் நம்புவார்கள்?

கடைசியில் சாமியாரிடம் போய் நின்றான். அவரும் வீட்டுக்கு வந்து, பிராங்கிளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கச் சொன்னார்.

மணிச் சத்தம் கேட்டதும் தெரு திரண்டு வந்தது. சிலுவையம்மாள் செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். இந்த முறை பிராங்கிளின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

பெட்டியை மூடப் போனபோது ரூத் தடுத்தாள்.

"அருளண்ணா, கட் சொல்லுண்ணா. நீ சொன்னாதான் எய்ந்துப்பாரு."

கூட்டம் அவனைப் பார்த்தது.

"கட்" என்றான் அருள்நாதன்.

பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவருக்குக் கேக்கல போலக்கீது," என்றாள் ரூத். "சத்தமா சொல்லுண்ணா."