எழுபதுக்கு மேல் இலவசம்

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான சரவணையில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால், கோயிலுக்குப் போகிறாரோ இல்லையோ, முதலில் அப்புத்துரையைப் போய்ப் பார்ப்பார். கூட்டுறவுக் கடையில் முப்பது வருடம் முகாமையாளராக இருந்து இளைப்பாறிய மனிதர். வயது அறுபத்தாறு. அரிசி, சீமெந்து, ஓட்டோக் கூலி, ஐயருக்கு வைக்கிற தட்சணை வரைக்கும் எதற்கு என்ன விலை என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வெளிநாட்டுச் சனத்தைக் கண்டால் வியாபாரிக்கு நாக்கு ஒரு முழம் நீளும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த நாக்கை அளந்து நறுக்குவதற்கென்றே தான் பிறந்ததாகவும் ஒரு நினைப்பு.

அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நயினாதீவுக்குப் போக வந்த இலண்டன்காரரைக் குறிகட்டுவான் படகுத் துறைக்குக் கொஞ்சம் எட்டவே வானுக்குள் இருக்கச் சொல்லுவார். தான் மட்டும் இடுப்பில் கசங்கின சாரமும் காலில் தேய்ந்த செருப்புமாகத் தனியே போவார். இளநி என்ன விலை, ஓட்டோ நின்று கூட்டிவர என்ன கூலி என்று கேட்டு, குறைத்து, வாக்கு வாங்கி, பிறகுதான் கையைக் காட்டுவார். கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சப்பாத்துமாக ஏழெட்டுப் பேர் வானிலிருந்து இறங்கும்போது இளநிக்காரன் முழிக்கிற முழி இருக்கிறதே, அப்புத்துரைக்கு அதுதான் சம்பளம். ஒருவரிடமும் ஒரு சதம் கொமிசன் வாங்கியதில்லை. கள்ளன் என்று அவரை எவரும் சொல்ல மாட்டார்கள்.

கஞ்சன் என்று சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்ணூறில் சண்டையால் தீவுச் சனம் இடம்பெயர்ந்தபோது மனைவியையும் கைக்குழந்தையையும் இரண்டு உரப்பைகளையும் கொண்டு வெளிக்கிட்டவர், போன இடத்தில் அவர்களை ஒரு நாளும் பட்டினி போடவில்லை. ஒரு றாத்தல் மாவை நாலு நாளைக்கு இழுக்கத் தெரிந்த கை அது. சண்டை முடிந்து, ஊருக்குத் திரும்பி, ஓய்வூதியமும் வந்து, மகள் பிரான்சிலிருந்து காசும் அனுப்பத் தொடங்கின பிறகும் அந்தக் கை இழுப்பதை நிறுத்தவில்லை. அதுதான் வில்லங்கம்.

மனைவி தவமலருக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள் என்று ஊர் சொல்லும். தாண்டக் காசு இருந்ததில்லை என்பதுதான் உண்மை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டவை மிகச் சில. கடைசியாகக் கேட்டது ராட்டினம். கொழும்புக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா திறந்திருக்கிறது, அங்கே பத்துப் பனை உயரத்துக்கு ஒரு ராட்டினம் இருக்கிறது என்று ஆரோ கைபேசியில் காட்டிவிட்டார்கள். ஆறு மாதமாக மகள் நிருஜாவோடு கதைக்கும்போதெல்லாம் இதே கதைதான். பிளேன் ஏறவில்லை, மாடி வீட்டில் குடியிருக்கவில்லை, பனைக்கு மேலே நின்று ஒருக்கால் கீழே பார்க்க வேணும் என்றாள். நிருஜாவும் ஆவணி விடுமுறைக்குத் தன் ஒன்பது வயது மகள் தனுசியாவோடு வந்தாள். வந்த மூன்றாம் நாள் நாலு பேருமாக வானில் வெளிக்கிட்டார்கள்.

அப்புத்துரை ஒரு கிழமையாகத் திட்டம் போட்டிருந்தார். வான் கூலியில் நாலாயிரம் குறைத்தார். பூங்காவுக்குள் தண்ணீர்ப் போத்தல் மூன்று மடங்கு விலை என்று கேள்விப்பட்டு வீட்டிலிருந்தே கொதித்தாறின தண்ணீர் கொண்டுவந்தார். ரிக்கற் விலையையும் விசாரித்து வைத்திருந்தார். உள்ளூர்க்காரருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, வெளிநாட்டுக்காரருக்கு ஆறாயிரம். ஆகவே நிருஜாவும் பேத்தியும் வானை விட்டு இறங்கக் கூடாது, தான் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து கூப்பிட்ட பிறகு இறங்கி, வாசலில் வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும் என்று கட்டளை. தனுசியா தமிழைப் பிரெஞ்சு மாதிரிப் பேசுவாள், அதுதான் பயம்.

மிச்சம் ஒரு யோசனை இருந்தது. அதை ரிக்கற் யன்னலுக்கு நடந்து போகும் வழியில் தவமலரிடம் மட்டும் சொன்னார். எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாம். ஆனால் ஆளை நேரே காட்ட வேண்டும். ஆரும் கேட்டால் எழுபத்தொன்று என்று சொல்லிவிடு. அடையாள அட்டை வீட்டில் விட்டுவிட்டோம் என்று நான் சொல்லுகிறேன்.

தவமலர் சிரித்துவிட்டாள். மகள் கொண்டுவந்த ஊதாச் சேலையை அன்றுதான் முதன்முதல் உடுத்தியிருந்தாள். தலைக்குப் பூவும் வைத்திருந்தாள்.

"உங்களுக்கு விசரே? என்னைப் பாத்து எழுபது எண்டால் ஆர் நம்புவினம்?"

நம்பச் செய்வது தன் பொறுப்பு என்றார் அப்புத்துரை. அட்டையை வீட்டில் விட்ட கதை, நெஞ்சு வருத்தம், கிளினிக் கொப்பி என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதில் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

யன்னலுக்குள் இருந்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. இருபத்திரண்டு வயது இருக்கும். அப்புத்துரை பெரியவர் இரண்டு, சின்னவர் ஒன்று என்று கேட்டுவிட்டு, இவவுக்கு எழுபத்தொன்று என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினார். பிள்ளை தலையைத் தூக்கித் தவமலரை ஒரு முறை பார்த்தாள். ஒரே ஒரு முறை.

"ஆச்சிக்கு ரிக்கற் தேவையில்லை ஐயா," என்று சொல்லி ஒரு வெள்ளைக் காகிதப் பட்டியை எடுத்து, யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தவமலரின் மணிக்கட்டில் தானே பக்குவமாக ஒட்டிவிட்டாள். வெயிலுக்குள் கனக்க நடக்காதீர்கள் என்று அன்பாகப் புத்தியும் சொன்னாள்.

அட்டை கேட்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்புத்துரை அடுக்கி வைத்த பொய்யெல்லாம் அப்படியே வாய்க்குள் கிடந்தது. வென்றுவிட்டேன் என்று மனைவியின் பக்கம் திரும்பினார். தவமலர் சேலைத் தலைப்பை இழுத்து மற்றத் தோளையும் மூடிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அப்போதுதான் அவருக்கு எங்கேயோ சுருக்கென்றது. ஆனாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு இரண்டாயிரத்து ஐந்நூறுதானே என்று நடந்தார்.

உள்ளே போய் நேரே ராட்டினத்தடிக்குத்தான் போனார்கள். வரிசையில் அரை மணித்தியாலம் நின்றார்கள். தவமலர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். அவர்களுடைய முறை வந்தபோது ராட்டினத்தில் ஆள் ஏற்றுகிற பொடியன் அவளுடைய கையைக் கண்டு மறித்தான். வெள்ளைப் பட்டி கட்டினவர்கள் உள்ளே சுற்றிப் பார்க்கலாம், இருக்கலாம், எதிலும் ஏற ஏலாது. எழுபதுக்கு மேலே என்றால் ஏற்றக்கூடாது என்று கண்டிப்பான சட்டம், ரிக்கற் யன்னலடியிலேயே எழுதிப் போட்டிருக்கிறது என்றான்.

எழுதித்தான் போட்டிருந்தது. விலைப் பலகையைக் கண்டால் அடிவரைக்கும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற அப்புத்துரை, இலவசம் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார்.

"ஆருக்கு எழுபது?" என்றாள் நிருஜா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தகப்பனைப் பார்த்தாள்.

அப்புத்துரை வாயைத் திறந்தார். பின்னால் நாற்பது சனம். முன்னால் மகள். பக்கத்தில், அம்மப்பா ஒரு நாளும் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிற பேத்தி. அவர் தடுமாறினதைத் தவமலர் கண்டாள். முப்பத்தாறு வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறவள்.

"எனக்குத்தான் தம்பி. எழுபத்தொண்டு," என்றாள் பொடியனிடம். பிறகு மகளிடம், "ஒண்டுமில்லை பிள்ளை, பிறகு சொல்லுறன். எனக்கு மேலை பாக்கவே தலை சுத்துது. நீங்கள் ரெண்டு பேரும் ஏறுங்கோ."

அவர்கள் ஏறினார்கள். இவர்கள் இருவரும் வரிசையை விட்டு விலகி ஒரு மர வாங்கில் போய் இருந்தார்கள். தனுசியா மேலே போய்ப் போய்க் கையசைத்தாள். தவமலரும் அசைத்தாள். அசைக்கும்போது வெள்ளைப் பட்டி அவளுடைய வளையலோடு உரசியது. அப்புத்துரை வெட்கத்தில் குறுகிப்போய் இருந்தார். கோபப்பட்டுப் பேசினால் பதில் சொல்லலாம், அவள் பேத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே கோபமோ என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்லை. அது உங்கடை பழக்கம்," என்றாள் தவமலர். "அந்தப் பிள்ளை உடனை நம்பிப்போட்டாள். அதுதான்."

அப்புத்துரை எழும்பினார். சேட்டுப் பொக்கற்றில் நாலு பேருடைய பத்திரங்களும் இருந்தன. வீட்டில் விட்டதாகச் சொல்ல இருந்த அடையாள அட்டையும் அங்கேதான் இருந்தது. ரிக்கற் யன்னலில் இப்போது நீண்ட வரிசை. முறை வரும்வரை நின்றார். முறை வந்ததும், காலையில் தான் சொன்னது பொய், இதுதான் உண்மையான வயது, முழு ரிக்கற் தாருங்கள் என்று அட்டையை நீட்டினார். பின்னால் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்தது காதில் விழுந்தது. விழட்டும். நிருஜாவுக்கும் பேத்திக்கும் வெளிநாட்டு விலையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி மிச்சத்தையும் எண்ணி வைத்தார்.

பிள்ளை ஏசுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் பிறந்த ஆண்டைப் பார்த்தாள். மனதுக்குள் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். அவளுடைய முகம் சிவந்துவிட்டது.

"சொறி ஐயா, நான் உண்மையாவே..." என்றவள் அத்தோடு நிறுத்திக்கொண்டு, முழு ரிக்கற்காரர் கட்டுகிற சிவப்புப் பட்டியை எடுத்துத் தந்தாள்.

நாலு ஏச்சு ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டது அவரைக் கொன்றுவிட்டது. எல்லாச் சாமானுக்கும் விலையைக் குறைத்த மனிதன், பெண்சாதியின் வயதை மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்தபடி நடந்தார்.

திரும்பி வந்தபோது மகளும் பேத்தியும் இறங்கி வாங்கடியில் நின்றார்கள். அப்புத்துரை தவமலரின் வெள்ளைப் பட்டியைக் கிழித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். நாலு பேருமாக மறுபடி வரிசையில் நின்றார்கள். ராட்டினப் பொடியனுக்கு ஆளை நினைவிருந்தது. முதல் வெள்ளைப் பட்டி, இப்ப சிவப்பு, எழுபத்தொண்டு எண்டு நீங்களே சொன்னீங்கள் ஆச்சி, என்று சந்தேகமாகக் கேட்டான். தவமலர், நான்தான் தம்பி பிழையாய்ச் சொல்லிப்போட்டன் என்று தொடங்கினாள்.

"அவ பிழை சொல்லேல்லை," என்றார் அப்புத்துரை. அவருக்கே கேட்காத குரலில் சொன்னதால் இன்னொரு முறை உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "காசை மிச்சம் பிடிக்கப் பொய் சொன்னது நான். அவவுக்கு அம்பத்தெட்டு வயதுதான்."

பொடியன் தலையைச் சொறிந்தான். நிருஜா தகப்பனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். தனுசியாவுக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை.

"அம்மம்மாவுக்கு அம்பத்தெட்டுத்தானா?" என்றாள் தன் பிரெஞ்சுத் தமிழில். "பாரிசிலை இருக்கிற அப்பம்மாவுக்கு அறுபத்தைஞ்சு. ஆனால் அவ பாக்க..."

நிருஜா பிள்ளையின் தோளை அமத்தினாள். தனுசியா பேச்சை நிறுத்திவிட்டு, என்ன பிழை விட்டோம் என்று தெரியாமல் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொடியன் கதவைத் திறந்துவிட்டான். தவமலர் பேத்தியோடு ஏறி இருந்தாள். நிருஜா விலகி நின்றாள். அப்புத்துரை பின்னால் காலை வைக்கப் போனார்.

"நீங்கள் நில்லுங்கோ," என்றாள். நின்றார்.

ராட்டினம் சுற்றியது. ஊதாச் சேலை மேலே போவதும் வருவதுமாக இருந்தது. கீழே நின்ற மனிதருக்குக் கணக்கு ஓடியது, இந்த முறை வேறு கணக்கு. வீட்டுக் கிணறு உப்பு. பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்க ஆள் இருந்தது. கோயிலடியில் கிணறு இருக்கும்போது தண்ணீருக்கு ஏன் காசு என்று கேட்டது ஆர்? இருபது வருடம் குடம் சுமந்தது ஆர்? அவளுக்கு முன் வாய்ப் பல் மூன்று விழுந்து ஐந்து வருடமாகிறது. கட்டுவதற்கு மூன்று இடத்தில் விலை கேட்டார். நாலாவது இடத்தில் இன்னும் மலிவாக இருக்கும் என்றார். இன்னும் நாலாவது இடத்துக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளை யன்னலுக்குள்ளிருந்து பார்த்தது இதையெல்லாம்தான். அதனால்தான் அட்டை தேவைப்படவில்லை. இப்படி நினைத்தபோது அப்புத்துரைக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற மகளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டார். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

தவமலர் இறங்கி வந்தபோது தலைப் பூ காற்றில் போயிருந்தது. முகம் மலர்ந்திருந்தது. மேலே போனால் ஆட்கள் எறும்பு மாதிரி, பயமே இல்லை, காற்றென்றால் நல்ல காற்று என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. சொல்லி முடிந்த பிறகுதான் புருஷனின் பக்கம் திரும்பினாள்.

"திரும்பிப் போகேக்கை யாழ்ப்பாணத்திலை வானை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் பல்லுக் கட்டப் போறன்."

அதற்கென்ன, நல்ல டொக்டர் ஒருவரை எனக்குத் தெரியும், நானும் வாறன் என்றார் அப்புத்துரை அவசரமாக.

"வேண்டாம். நிருஜா வருவாள். நீங்கள் வானுக்குள்ளை இருங்கோ," என்றாள் தவமலர். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் வந்தால் விலை பேசுவியள்."

அப்புத்துரை ஓம் என்று மட்டும் சொன்னார்.